சாவி யாரிடம் இருந்தது?

மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு நாள். அதையொட்டி ஒரு கல்லூரியில் நடந்த கருத்தரங்கில் மூத்த பேராசிரியர் ஒருவர் பேசினார். தொழிலகப் பாதுகாப்பில் முதுநிலைப் படிப்பை மாவட்டத்துக்கு ஒரு கல்லூரியிலாவது தொடங்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. அதற்கு அவர் சொன்ன காரணம்தான் என்னை இதை எழுத வைத்தது. நூறு விபத்துகளில் 88 தொழிலாளியின் தவறான செயலால் நடக்கின்றன; அவருடைய நடத்தையைக் கவனித்துத் திருத்தத் தெரிந்த பட்டதாரிகள் பெருகினால் விபத்து குறைந்துவிடும் என்றார். அரங்கம் கைதட்டியது. என் பக்கத்து வரிசை மாணவர்கள் தலையாட்டினார்கள். முதல் பருவத்திலேயே மனப்பாடம் செய்த எண் அல்லவா அது.

இந்தப் படிப்பால் பயனில்லை என்று சொல்ல மாட்டேன். ரசாயன ஆலையின் குழாய்ப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு, இங்கே அழுத்தம் கூடினால் என்ன ஆகும், அங்கே ஓட்டம் நின்றால் என்ன ஆகும் என்று ஒவ்வோர் இணைப்பாகக் கேட்டுக்கொண்டே போகும் ஹேசாப் முறையை ஒழுங்காகக் கற்றவர், இருபது வருட அனுபவசாலி தவறவிடும் ஆபத்தையும் பிடித்துவிடுவார். காற்றில் கலந்த தூசியை அளப்பதும் தீ பரவும் வேகத்தைக் கணக்கிடுவதும் அனுபவத்தால் மட்டும் வருபவை அல்ல. வேலையும் கிடைக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் பொதுவாக 1000 பேர் வேலை செய்யும் ஆலைக்குத்தான் பாதுகாப்பு அலுவலரைக் கட்டாயமாக்கியது. 2020ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பு அந்த எண்ணிக்கையை 500ஆகவும், அபாயகரமான தொழில்களில் 250ஆகவும் இறக்கிவிட்டது. வளைகுடாவுக்கு விமானம் ஏறும் நம் பையன்கள் எத்தனையோ பேருக்குச் சோறு போடுவதும் ‘சேஃப்டி’ படிப்புதான்.

என் மனக்குறை ஒன்றே ஒன்று, பழையது. இந்தப் படிப்பு தொழிலாளியை ஆபத்தின் காரணமாகப் பார்க்கப் பழக்குகிறது. ஆபத்தை எல்லாரையும்விட நன்றாக அறிந்தவர் அவர் என்பதை மறக்கப் பழக்குகிறது.

அந்த 88 எங்கிருந்து வந்தது? ஹெர்பர்ட் ஹெய்ன்ரிக் என்பவர் அமெரிக்காவின் டிராவலர்ஸ் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 75,000 விபத்துப் பதிவுகளைப் பார்த்து, 88 விழுக்காடு பாதுகாப்பற்ற செயலால், 10 விழுக்காடு பாதுகாப்பற்ற சூழலால், மீதி 2 தவிர்க்க முடியாதவை என்று பிரித்து 1931இல் புத்தகமாக்கினார். அந்தப் பதிவுகள் காப்பீட்டுக் கோப்புகளும் ஆலை உரிமையாளர்கள் வைத்திருந்த குறிப்புகளும். விரல் போனவரிடம் போய்க் கேட்டு எழுதிய கணக்கு அல்ல. ஆளும் காரணம், இயந்திரமும் காரணம் என்று இருந்த விபத்தையும் ஏதாவது ஒரு பக்கத்தில்தான் வரவு வைத்தார். மூலப் பதிவுகள் இன்று கிடைப்பதில்லை, ஆகவே யாராலும் சரிபார்க்கவும் முடியாது. ஹெய்ன்ரிக்குக்கு ஒரு நியாயம் செய்துவிட வேண்டும். எண் என்ன சொன்னாலும் இயந்திரத்தின் ஆபத்தைச் சரிசெய்யாத பாதுகாப்புத் திட்டம் முழுமையாகாது என்று எழுதியவரும் அவர்தான். நம் வகுப்பறைகளுக்கு அந்தப் பக்கம் வந்து சேரவில்லை. எண் வந்து சேர்ந்தது.

பல ஆண்டுகளாக இந்த மாணவர்களின் ஆய்வேடுகளுக்குப் புறத்தேர்வாளராகப் போய்வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர், வாகன உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றின் பிரஸ் ஷாப்பை ஆய்வுக்கு எடுத்திருந்தார். பவர் பிரஸ்ஸில் விரல் நசுங்கிய சம்பவங்கள். வண்ணப் படங்கள், புள்ளியியல் சோதனைகள், எல்லாம் நேர்த்தி. கண்டறிந்த காரணம்: ஆபரேட்டர்களின் கவனக்குறைவு. பரிந்துரை: விழிப்புணர்வுச் சுவரொட்டி, மாதம் ஒரு பயிற்சி வகுப்பு.

“அந்த மெஷின்ல சென்சார் இல்லையா தம்பி?”

“இருக்கு சார். ஆபரேட்டர்ஸ் பைபாஸ்ல போட்டு ஓட்டுறாங்க.”

“பைபாஸ் போட சாவி வேணுமே. சாவி யார்கிட்ட இருந்துச்சு?”

யோசித்தார். “சூப்பர்வைசர்கிட்ட இருக்கும்னு நினைக்கிறேன் சார்.”

“ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை பீஸ் டார்கெட்?”

ஆய்வேட்டைப் புரட்டினார். அதில் அது இல்லை.

“விரல் போனவர்கிட்ட பேசினீங்களா?”

“ரிப்போர்ட் பார்த்தேன் சார்.”

இதைத் தொழில் தெரியாதவர்களுக்காகச் சற்று விளக்க வேண்டும். பிரஸ்ஸின் முன்னால் ஒளிக்கதிர்கள் திரைபோல ஓடிக்கொண்டிருக்கும். கை உள்ளே போனால் கதிர் அறுபடும், இயந்திரம் நின்றுவிடும். தகட்டின் ஓரம் ஆடினாலும் கதிர் அறுபடும், அப்போதும் நிற்கும். நின்று நின்று ஓடினால் கணக்கு எட்டாது. ஆகவே சாவியைத் திருப்பிச் சென்சாரைத் தூங்க வைக்கிறார்கள். இரவு ஷிஃப்டின் கடைசி மணி நேரத்தில் ஒரு பீஸ் டையில் ஒட்டிக்கொள்கிறது, பெடலில் கால் இருக்கிறது, ஆபரேட்டர் கையை விடுகிறார். கவனக்குறைவு என்ற சொல் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டும் தொடுகிறது. டார்கெட்டைக் கூட்டியவர், சென்சாரைச் சரியாகப் பொருத்தக் காசு தராதவர், சாவியை நீட்டியவர், இவர்கள் யாரும் அந்த ஆய்வேட்டில் இல்லை. அந்த மாணவர் மந்தமானவரும் அல்ல. வகுப்பில் முதலிடம் என்று அறிமுகப்படுத்தினார்கள். எந்த இடத்தில் கேள்வியை நிறுத்தலாம் என்று படிப்பு காட்டியதோ, சரியாக அந்த இடத்தில் நிறுத்தியிருந்தார்.

இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனத்தில் பணியாற்றிய டிரெவர் கிளெட்ஸ் கடைசிவரை இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: மனிதன் தவறுவான் என்பது முன்கூட்டியே தெரிந்த சங்கதி, தவறினாலும் உயிர் போகாதபடி ஆலையை அமைப்பதுதான் பொறியாளரின் வேலை. கிளெட்ஸ் பெயரும் பாடத்தில் வரத்தான் செய்கிறது. வேறோர் அலகில், வேறோர் ஆசிரியர் நடத்துவார். இரண்டில் எது சரி என்று மாணவரை மோதவிடும் தேர்வுத்தாளை நான் கண்டதில்லை.

இப்போதைய மோஸ்தர் ‘நடத்தைசார் பாதுகாப்பு’. கையில் ஓர் அட்டையோடு போய், ஹெல்மெட் போட்டிருக்கிறாரா, பெல்ட் மாட்டியிருக்கிறாரா, கைப்பிடியைப் பிடித்துப் படியிறங்குகிறாரா என்று டிக் அடிப்பது. முதுநிலை ஆய்வுகளில் கணிசமானவை இந்த அட்டைகளைக் கூட்டிக் கழிப்பவையாகவே என்னிடம் வருகின்றன. கட்டுமான இடங்களில் சாரத்தின் மேல் நிற்பவர் பெல்ட் போட்டிருப்பார். அதன் கொக்கியை மாட்டுவதற்கு லைஃப்லைன் இழுத்துக் கட்டியிருக்காது. அட்டையில் ‘பெல்ட்: ஆம்’ என்று விழும். பராமரிப்புச் செலவை வெட்டிய மேலாளரின் நடத்தையைக் குறிக்க ஒரு கட்டம் போட்ட அட்டையை இன்றுவரை நான் பார்த்ததில்லை.

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை வெடித்தால் மறுநாள் பத்திரிகையில் காரணம் தயாராக இருக்கும்: மருந்து கலக்கும்போது ஏற்பட்ட உராய்வு. உராய்வு பொய்யல்ல. ஆனால் அந்த அறையில் உராய்வு எல்லா நாளும்தான் இருக்கிறது. அன்றைக்கு அது கொன்றதேன்? நான்கு பேருக்கு அனுமதித்த அறையில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள்? உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, ஆலையை அறை அறையாக உள்குத்தகைக்கு விட்டவர் யார்? தீபாவளி ஆர்டருக்காக மரத்தடியில் உட்கார்த்தி மருந்து செலுத்தச் சொன்னது யார்? கூலியை எண்ணிக்கைக் கணக்கில் கொடுத்துவிட்டு, நிதானமாகச் செய் என்று சொன்னால் அதற்கு என்ன பொருள்? 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் மாண்டபோது உள்குத்தகையும் அளவுமீறிய கூட்டமும் சந்திக்கு வந்தன. அதன்பின் நடந்த விபத்துகளிலும் அதே பட்டியல்தான். ஆனாலும் பாதுகாப்பு வகுப்புகளில் இந்த மாவட்டத்துத் தொழிலாளிக்குக் கிடைக்கும் பெயர் ‘விழிப்புணர்வு அற்றவர்’. பருத்தி உடுத்திக்கொண்டு வந்து, வெயில் ஏறுவதற்குள் மருந்து வேலையை முடித்துவிட வேண்டும் என்று சொல்லித் தரும் பெண்களுக்கு என்ன விழிப்புணர்வு குறைவு? அவர்களுக்கு இல்லாதது, இன்றைக்கு இந்த அறையில் வேலை பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு மறுநாள் கூலியோடு திரும்பி வரும் வழி.

போபாலை எல்லாப் பாடத்திட்டத்திலும் வைத்திருக்கிறார்கள். எப்படி வைத்திருக்கிறார்கள்? 1984 டிசம்பர் 2 இரவு, தொட்டிக்குள் நீர் புகுந்தது, மீத்தைல் ஐசோசயனேட் கொதித்தது, அந்த வேதிவினையின் சமன்பாடு. குளிரூட்டும் அமைப்பு சில மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்ததும், வாயுவை எரிக்கும் கோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டிருந்ததும் மாணவர்களுக்குத் தெரியும். அந்தப் பிரிவில் ஆள் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள் என்றால் பலர் வியப்போடு பார்க்கிறார்கள். ஆலைக்குள் ஆபத்து இருக்கிறது என்று தொழிற்சங்கத்தினர் முன்பே முறையிட்டதும், ராஜ்குமார் கேஸ்வானி என்ற பத்திரிகையாளர் 1982இலேயே எச்சரித்து எழுதியதும் அவர்கள் கேள்விப்படாத செய்திகள். விபத்துக்குப் பின் நிறுவனம் என்ன சொன்னது? அதிருப்தியடைந்த ஒரு தொழிலாளி வேண்டுமென்றே நீரைப் புகுத்திவிட்டார் என்றது. இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய தொழிற்சாலைப் பேரழிவையும் அந்த 88இன் கணக்கில் சேர்க்கப் பார்த்தார்கள். இதைவிடப் பெரிய பாடம் இந்தத் துறைக்கு உண்டா? இதை விட்டுவிட்டுச் சமன்பாட்டை நடத்துகிறோம்.

போபாலுக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியவர்கள் நம் பாடத்திட்டக் குழுக்களைவிடத் தெளிவாக இருந்தார்கள். அபாயகரமான ஆலையில் நிர்வாகமும் தொழிலாளர்களும் சம எண்ணிக்கையில் உட்காரும் பாதுகாப்புக் குழு வேண்டும் என்று 41-ஜி பிரிவை வைத்தார்கள். உடனடி ஆபத்து என்று தொழிலாளி நினைத்தால் எச்சரிக்கும் உரிமையை 41-எச் பிரிவில் கொடுத்தார்கள். பாதுகாப்பு அலுவலராக வருபவருக்குப் பெரும்பான்மைத் தொழிலாளர்களின் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று விதியும் இருந்தது. ஆளோடு பேசாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது என்பதுதானே அதன் உட்பொருள்? மாணவர்கள் பிரிவு எண்களைப் பிழையில்லாமல் சொல்கிறார்கள். ஒரு பாதுகாப்புக் குழுக் கூட்டத்திலாவது ஓரமாக உட்கார்ந்து பார்த்ததுண்டா என்று கேட்டால் இல்லை. ஒரகடத்தில் ஒடியாவும் திருப்பூரில் இந்தியும் கேட்கும் காலம் இது. அடிபட்டவரிடம், அவருக்கு வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும்போது, உண்மையை எப்படிக் கேட்டு வாங்குவது என்பதற்கு ஒரு தாள்கூட நான் பார்த்த பாடத்திட்டங்களில் இல்லை.

இதைச் சொன்னால் கல்லூரிகளில் ஒரு பதில் வரும். நிர்வாகத்தைக் கேள்வி கேட்கப் பழகிய மாணவரை எந்த நிறுவனம் சார் வேலைக்கு எடுக்கும்? இந்தப் பதிலை என்னால் மதிக்க முடியவில்லை. பிரேதப் பரிசோதனை செய்யும் மருத்துவர், கூப்பிட்டவருக்குப் பிடித்த காரணத்தை எழுதலாம் என்று எந்த மருத்துவக் கல்லூரியாவது சொல்லித் தருமா? விபத்தின் காரணத்தை எழுதுபவரும் அதே இடத்தில்தான் இருக்கிறார். அவர் ‘கவனக்குறைவு’ என்று எழுதிவிட்டால், மருத்துவமனையில் கட்டுப் போட்டுக் கிடப்பவருக்கு இழப்பீட்டுப் பேச்சில் வாய் அடைத்துப்போகிறது. இரண்டாண்டுப் படிப்பும் பட்டமும் அந்த ஒரு சொல்லுக்கு அறிவியல் முத்திரை குத்திக் கொடுப்பதற்குத்தான் என்றால், படிக்காத பழைய போர்மேனே மேல். அவருக்குச் சாவி யாரிடம் இருக்கிறது என்றாவது தெரியும்.

வேறு மாதிரி கற்பித்த இடமும் உண்டு. இத்தாலியின் டூரின் நகரில் இவார் ஒத்தோனே என்ற மருத்துவர் 1960களிலிருந்து ஆலைத் தொழிலாளர்களோடு சேர்ந்து வேலையிடத்தின் ஆபத்துகளை வரைபடமாக்கினார். 1973இல் இத்தாலியின் உலோகத் தொழிலாளர்கள் சம்பளத்தோடு 150 மணி நேரம் படிக்கும் உரிமையை ஒப்பந்தத்தில் வாங்கினார்கள். அந்த மணி நேரத்தைக் கொண்டு ஃபியட் தொழிலாளர்கள் பல்கலைக்கழகத்தில் ஒத்தோனேயின் கருத்தரங்கில் மாணவர்களோடு வந்து உட்கார்ந்தார்கள். அங்கே அவர்களிடம் வைக்கப்பட்ட கேள்வி எளியது: நாளை உங்கள் இடத்தில் நான் போய் நிற்கப்போகிறேன், ஆள் மாறியது யாருக்கும் தெரியக் கூடாது, நான் என்னென்ன செய்ய வேண்டும்? இப்படிக் கேட்டால் கையேட்டில் இருப்பதை யாரும் ஒப்பிக்க முடியாது. எந்தச் சத்தம் கேட்டால் விலக வேண்டும், எந்தக் காப்பைக் கழற்றி வைத்தால்தான் கணக்கு எட்டும், யார் வரும்போது அதைத் திரும்ப மாட்ட வேண்டும் என்று சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த பிரஸ் ஷாப்பில் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் சாவி மேசைமேல் வந்திருக்கும். புள்ளியியல் சோதனை எதுவும் தேவைப்பட்டிருக்காது.

சென்ற பருவத்தில் ஒரு துறைத் தலைவரிடம் கேட்டேன். வாய்மொழித் தேர்வன்று, ஆய்வு நடந்த ஆலையில் வேலை செய்யும் ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அவர் மதிப்பெண் போட வேண்டாம், மாணவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும் என்றேன். நல்ல மனிதர் அவர். விதியில் இடமில்லையே என்று வருத்தத்தோடுதான் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு கல்லூரிகளிலிருந்து தேர்வாளர் அழைப்பு வந்தது. அந்த ஒரு நாற்காலியைப் போடுவதாக இருந்தால் வருகிறேன் என்று இரண்டுக்கும் எழுதி அனுப்பியிருக்கிறேன்.