மருந்துப்போலியும் நாட்பட்ட வலியும்
பீச்சர் கட்டுரை பற்றிய ஒரு திறனாய்வு

மருத்துவ உலகில் மிகுதியாக எடுத்தாளப்பெற்ற கட்டுரைகளுள் ஒன்று, அமெரிக்க அறிஞர் ஹென்றி பீச்சர் 1955ஆம் ஆண்டில் எழுதியது. ‘ஆற்றல்மிகு மருந்துப்போலி’ என்று அதன் தலைப்பைத் தமிழில் கூறலாம். மருந்துச் சத்து ஏதுமில்லாத சருக்கரை மாத்திரையையோ உப்புநீர் ஊசியையோ மருந்தின் இடத்தில் வைத்துக் கொடுப்பதே மருந்துப்போலி. அதனைப் பெற்றோர் பலர் வலி தணிந்தது என்கின்றனர். இஃது எவ்வாறு நிகழ்கின்றது? இதில் மூளையின் பங்கு யாது? மூவருள் ஒருவருக்கு இது பயன்தரும் என்று அக்கட்டுரை சொன்ன கணக்கு, பிற்காலத்திலும் மேடைகளிலும் ஏடுகளிலும் திரும்பத் திரும்ப ஒலித்தது. ஆதலின் அதன் நிறைகுறைகளை நடுநிலையில் நின்று ஆராய்தல் தகும்.

முதற்கண் நிறை. பீச்சர் மயக்கமருந்து வல்லுநர். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களிடையே பணியாற்றியவர். கடுங்காயம் பட்ட 215 பேரை உசாவியபோது, ஏறத்தாழ நால்வருள் ஒருவரே வலிக்கு ஏதேனும் செய்யவேண்டும் என்றார்கள் என 1946இல் அவர் எழுதினார். அதற்கு அவர் கண்ட காரணம் கருதத்தக்கது. போர்வீரனுக்குக் காயம் என்பது களத்தினின்று விடுதலை. உயிரோடு வீடு திரும்பும் வழி. ஊரில் இருப்பவனுக்கோ அதே காயம் பேரிடர். காயத்தின் அளவே வலியின் அளவு அன்று என்னும் உண்மையை அவர் தெளிவாகக் கண்டார். மருந்துப்போலி பெறும் குழுவோடு ஒப்பிட்டுப் பாராமல் புதுமருந்தை மதிப்பிடுதல் தவறு என்று வற்புறுத்தியதும் அவர் செய்த பெருந்தொண்டே.

இனிக் குறை. 15 ஆய்வுகளையும் அவற்றில் கண்ட 1,082 நோயாளிகளையும் தொகுத்து, 35.2 விழுக்காட்டினர் மருந்துப்போலியால் நலம்பெற்றனர் என்று பீச்சர் கணக்கிட்டார். அறுவைக்குப் பிந்திய புண்வலி, தலைவலி, இருமல், கடற்பயணக் குமட்டல், தடுமன் எல்லாம் அக்கணக்கில் உண்டு. ஆண்டுக்கணக்கில் வாட்டும் முதுகுவலி அவ்வரிசையில் இல்லை. அன்றியும், மாத்திரை உண்டபின் நலம் வந்தது என்பதாலேயே மாத்திரையால் நலம் வந்தது என்று கொள்ளலாமா? தடுமன் சில நாட்களில் தானே நீங்குவது. வலியோ ஏறி இறங்கும் இயல்பினது. அது உச்சத்தில் இருக்கும்போதே மக்கள் மருத்துவரை நாடுவர்; அதன்பின் அது இறங்குதல் இயல்பு. ஒரு தேர்வில் வழக்கத்துக்கு மாறாக மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற மாணவன் அடுத்த தேர்வில் சற்று உயர்வான். இடையில் ஆசிரியர் கண்டித்திருந்தால் பெருமை கண்டிப்புக்குப் போய்ச் சேரும்! பீச்சரின் கணக்கிலும் இப்பிழை புகுந்தது.

இக்குறையைப் பிற்கால அறிஞர் எடுத்துக்காட்டினர். கீன்லே, கீனே என்னும் செருமானிய ஆய்வாளர்கள் 1997இல் பீச்சரின் சான்றுகளை மீண்டும் அலசி, அவற்றுள் ஒன்றேனும் அவர் முடிவை நிலைநாட்டவில்லை என்றனர். டென்மார்க்கைச் சேர்ந்த இருவர் 2001இல் 114 ஆய்வுகளை எடுத்துக்கொண்டு, மருந்துப்போலி பெற்றோரை எச்சிகிச்சையும் பெறாதோருடன் ஒப்பிட்டனர். பொதுவாகப் பெரும்பயன் ஏதும் தென்படவில்லை. நோயாளியே உணர்ந்து கூறும் நிலைகளில், சிறப்பாக வலியில், சிறிது பயன் தெரிந்தது. 100 புள்ளி கொண்ட வலி அளவுகோலில் அது 6.5 புள்ளியே.

அங்ஙனமாயின் மருந்துப்போலி வெறும் மயக்கமோ? அன்று. பயன் சிறிதாயினும் அது மெய்யாகவே உடம்பில் நிகழ்வது என்பதற்குச் சான்றுகள் உள. 1978இல் லெவின், கோர்டன், ஃபீல்ட்ஸ் ஆகிய மூவர், கடைவாய்ப்பல் எடுக்கப்பெற்றவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தினர். அபினி இனத்து மருந்துகளின் ஆற்றலைத் தடுக்கும் நாலொக்சோன் என்னும் பொருளைச் செலுத்தவே, மருந்துப்போலியால் வலி தணிந்திருந்தவர்களுக்கு வலி மிகுந்தது. நம் மூளையே அபினியை ஒத்த வலியடக்கிகளைச் சுரக்கின்றது. மருந்து பெற்றோம் என்னும் எதிர்பார்ப்பு அச்சுரப்பைத் தூண்டுகின்றது என்பது இதனால் விளங்கிற்று.

2004இல் நலமுள்ளோரின் மூளையைக் கருவிகொண்டு படம்பிடித்தபோது, எதிர்பார்ப்பு எழும் வேளையில் முன்நெற்றிப் பகுதி ஊக்கம் கொள்வதும், வலியை உணரும் பகுதிகள் ஓரளவு அடங்குவதும் தெரிந்தன. 2009இல் முதுகுத்தண்டு வடத்திலேயே வலிச்செய்தி குறைவதையும் கண்டனர். மறதிநோயால் முன்நெற்றிப் பகுதியின் இணைப்புத் தளர்ந்தவர்களிடம், எதிர்பார்ப்பினால் வரும் இப்பயன் குன்றியதை 2006இல் இத்தாலிய ஆய்வொன்று காட்டிற்று.

ஆயினும், ஆய்வுக்கூடத்தில் சில நொடி சூடு பொறுப்பவர் வேறு. பத்தாண்டு முதுகுவலியோடு வாழ்பவர் வேறு. அத்தகையோரையே நேரில் ஆராய்ந்தது சிகாகோ ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு. மூளையின் சில பகுதிகளின் அமைப்பும், அவற்றிடையே உள்ள இணைப்பும், மனப்பண்புகளும் மருந்துப்போலியால் பயன்பெறுவோர் யார் என்பதை முன்கூட்டியே ஓரளவு காட்டின. லிஸ்பன் நகரில் 2016இல் நடந்த ஆய்வில், 83 முதுகுவலி நோயாளிகளுள் ஒரு பிரிவினரிடம் ‘இதில் மருந்தில்லை’ என்று ஒளிக்காமல் சொல்லியே மாத்திரை கொடுத்தனர். மூன்று வாரத்தில் மற்றவரைவிட அவர்களுக்கு வலி மிகுதியாகக் குறைந்தது. அவர்கள் தாமே கூறிய அளவுதான் அது என்பதையும் நாம் மறத்தலாகாது.

இவ்வளவும் அறிந்தபின் இரு தவறான முடிவுகளை நாம் விலக்குதல் வேண்டும். ‘மனம் நினைத்தால் எந்நோயும் தீரும்’ என்பது ஒன்று. வலி தணிதல் வேறு, நோய் நீங்குதல் வேறு. புற்றுக்கட்டி சருக்கரை மாத்திரையால் கரைவதில்லை. ‘சருக்கரை மாத்திரைக்குத் தணிந்த வலி பொய்வலி’ என்பது மற்றொன்று. இதுவே கொடியது. நாள்தோறும் வலியால் துன்புறுபவரை வீட்டாரும் நண்பரும் நடிப்பவர் என்று தூற்ற இஃது இடந்தருகின்றது. பல் பிடுங்கிய புண் பொய்யா? அப்புண்ணின் வலியும் மருந்துப்போலியால் தணிந்ததன்றோ?

இத்தவற்றுக்கு நம் சொல்லாட்சியும் துணைபோகின்றது. பலர் ‘மருந்துப்போலி’ என்பதைப் ‘போலி மருந்து’ என்று மாற்றி வழங்குகின்றனர். போலி மருந்து என்பது வணிகர் சிலர் ஏமாற்றி விற்கும் கள்ளச்சரக்கு. இரண்டும் ஒன்றல்ல. இலக்கணப்போலி என்றால் பொய்யிலக்கணம் என்று எந்தத் தமிழாசிரியரும் பொருள் கூறார். இல்முன் என்பது முன்றில் என வழங்கினும் சான்றோர் அதனை ஏற்றனர். அறம் அறன் என நிற்கும்போது எழுத்து மாறிற்று, பொருள் மாறவில்லை. மருந்துப்போலியிலும் மாத்திரையின் சரக்கே மாறிற்று. மருத்துவர் சொல்லும், பரிவும், நலம்பெறுவோம் என்னும் நம்பிக்கையும் மாறாமல் நிற்க, மூளை அவற்றுக்கு விடையிறுக்கின்றது. மானிடவியல் அறிஞர் டேனியல் மோர்மன் இதனைப் ‘பொருள் தரும் விளைவு’ என்னும் கருத்துப்பட 2002இல் பெயரிட்டு எழுதியதும் இதுபற்றியே.

பீச்சரின் கணக்கு நிலைக்கவில்லை; போர்க்களத்தில் அவர் கண்டது நிலைத்தது. காயத்தின் பொருள் மாறின் வலியும் மாறும் என்று 1946இல் அவர் எழுதியதே, 1955இல் எழுதியதினும் ஆழமானது. மாணவர்க்கு அறிவியல் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்கள் இச்சொல்லைச் செம்மையாக ஆளுதல் வேண்டும். வலியால் வருந்துவோர் ஒருவரையேனும் பொய்யர் எனப் பிறர் இகழாமல் காக்க அது துணைசெய்யும்.