நிற்க மனமில்லாத எஞ்சின்

105, 15, 80. மாஸ்டாவின் 13பி எஞ்சினைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இந்த எண்கள் மனப்பாடம். மூன்றும் மில்லிமீட்டர். முக்கோண ரோட்டரின் நடுவிலிருந்து அதன் முனை வரை 105. அந்த நடுப்புள்ளி, தண்டின் மையத்தை விட்டு விலகி நிற்கும் தூரம் 15. ரோட்டரின் தடிமன் 80. இம்மூன்றையும் பெருக்கி, வந்த விடையை 5.196ஆல் மறுபடி பெருக்கினால் 654 கன சென்டிமீட்டர் கிடைக்கும். ஒரு ரோட்டரின் கொள்ளளவு அதுதான். 13பியில் இரண்டு ரோட்டர்கள், ஆக 1308 சி.சி. பிஸ்டன் எஞ்சினிலும் இப்படிக் கணக்குப் போடலாம். ஆனால் அங்கே எண்கள் அளவை மட்டும் சொல்லும். இங்கே முதல் இரண்டு எண்களும் எஞ்சினின் உருவத்தையே வரைந்துவிடுகின்றன. 105ஐயும் 15ஐயும் கொடுத்தால் போதும், ரோட்டர் சுழலும் அறையின் சுவர் எப்படி வளைய வேண்டும் என்பது தீர்மானமாகிவிடும். வேறு எந்த வளைவும் பொருந்தாது.

அந்த வளைவு, இரண்டு பருப்புள்ள நிலக்கடலையை நீளவாக்கில் பிளந்தால் தெரியும் விளிம்பைப் போன்றது. அதற்குள் ரோட்டர் சுழலும்போது மூன்று முனைகளும் ஒரு கணம்கூடச் சுவரை விட்டு விலகுவதில்லை. ரோட்டரின் உள்வட்டத்தில் 51 பற்கள், அசையாமல் நிற்கும் நடுப் பற்சக்கரத்தில் 34. மூன்றுக்கு இரண்டு என்ற இந்த விகிதம்தான் முழு ஆட்டத்தையும் நடத்துகிறது. ரோட்டர் ஒரு சுற்று முடிப்பதற்குள் தண்டு மூன்று சுற்று போய்விடும். தண்டு நிமிடத்துக்கு 6000 சுற்றினாலும் ரோட்டர் என்னவோ நிதானமாக 2000தான். முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கமும் அந்த ஒரு சுற்றுக்குள் காற்றை இழுத்து, அமுக்கி, எரித்து, வெளியேற்றி முடிக்கிறது. மேலும் கீழும் அடித்து நிற்கும் பொருள் உள்ளே எதுவும் இல்லை. வால்வு இல்லை, வால்வு ஸ்பிரிங் இல்லை, கனெக்டிங் ராடு இல்லை, கேம் இல்லை. இரண்டு ரோட்டர், ஒரு தண்டு: சுழலும் முக்கிய உறுப்புகள் மொத்தமே மூன்று.

ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் வாங்கெல் கண்ட கனவு இது. என்.எஸ்.யு. நிறுவனத்தில் 1957இல் முதல் மாதிரி ஓடியது. ஆனால் அதில் உறையும் சேர்ந்து சுழன்றது. உறையை நிறுத்திவிட்டு ரோட்டரை மட்டும் சுழலவிட்டு, நாம் இன்று காணும் எளிய உருவத்துக்குக் கொண்டுவந்தவர் ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே என்ற பொறியாளர். வாங்கெலையும் ரோட்டரி எஞ்சின் என்றே அழைப்பதுண்டு. ஆனால் முதல் உலகப் போர் விமானங்களில் இருந்த ரோட்டரி எஞ்சின் முற்றிலும் வேறு ஜாதி. அதில் தண்டு அசையாது, சிலிண்டர்கள் அனைத்தும் புரொப்பல்லரோடு சேர்ந்து சுழலும். இந்திய விமானி ஹர்தித் சிங் மாலிக் 1917இல் ஓட்டிய சாப்வித் கேமல் விமானத்தில் இருந்தது அப்படிப்பட்ட எஞ்சின். அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

கார் எஞ்சினான 13பியைத் தாமே கட்டிய விமானங்களில் பூட்டுகிறவர்களும் உண்டு. வீட்டில் விமானம் கட்டுகிறவருக்கு வாங்கெல் எஞ்சின் ஏன் வேண்டும் என்பதை நான் அந்தமானில் இருந்துகொண்டு யோசிக்கிறேன். இங்கே அந்தக் கேள்விக்குக் கூர்மை அதிகம். இந்தத் தீவுகளில் மக்கள் தம் கையால் கட்டுவது விமானம் இல்லை, தோணி. நிக்கோபாரிகள் மரத்தைக் குடைந்து பக்கமிதவை கட்டிய ஹோடி செய்கிறார்கள். போர்ட் பிளேயரின் மீனவர்கள் சிறு டீசல் எஞ்சின் பூட்டிய டுங்கி என்ற படகில் போகிறார்கள். ஜங்லிகாட் துறையில் எஞ்சினைப் பற்றிப் பேச்சு எடுத்தால், எத்தனை குதிரைத்திறன் என்று யாரும் முதலில் கேட்பதில்லை. நடுக்கடலில் மக்கர் பண்ணுமா, பண்ணினால் எப்படிப் பண்ணும் என்றுதான் கேட்பார்கள். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் போகும் வேகப்படகுகளின் பின்னால் பெரும்பாலும் இரண்டு எஞ்சின்கள் தொங்குவதற்கும் அதுதான் காரணம்.

அதே கேள்வியை வானத்துக்குக் கொண்டுபோவோம். லிட்டில் அந்தமானுக்கும் கார் நிக்கோபாருக்கும் நடுவே பத்து டிகிரி கால்வாய், ஏறத்தாழ 150 கிலோமீட்டர் அகலம். ஒற்றை எஞ்சின் சிறு விமானம் ஒன்று 3000 மீட்டர் உயரத்தில் அதைக் கடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் நின்றால், உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் சறுக்கிப் போகலாம், அதாவது 30 கிலோமீட்டர். இந்தக் கரையிலிருந்து 30, அந்தக் கரையிலிருந்து 30 கழித்தால் நடுவே 90 கிலோமீட்டருக்கு எந்தத் தரையும் எட்டாது. பவன் ஹன்ஸ் நிறுவனம் இங்கே நடத்திய ‘ஜல் ஹன்ஸ்’ கடல் விமானமும் ஒற்றை எஞ்சின்தான். ஆனால் அந்த செஸ்னா தண்ணீரிலேயே இறங்கக்கூடியது. சக்கரம் வைத்த வீட்டு விமானத்துக்கு அந்த வசதி கிடையாது.

வாங்கெலின் அழகு இந்த இடத்தில்தான் வெளிப்படுகிறது. நல்ல எஞ்சின் ஓடும் விதத்தைப் பலரும் புகழ்வார்கள். நான் ரசிப்பது இது கெடும் விதத்தை. பிஸ்டன் எஞ்சினில் ஒரு வால்வு உடைந்து உள்ளே விழுந்தாலோ, கனெக்டிங் ராடு முறிந்தாலோ, அந்த நிமிடமே கதை முடிந்துவிடலாம். வாங்கெலில் ரோட்டர் முனையில் இருக்கும் ஏபெக்ஸ் சீல் உடைந்தால், அந்த ரோட்டரின் அமுக்கம் போகும், சக்தி பெருமளவு குறையும், சத்தம் கரகரக்கும். ஆனால் பக்கத்து ரோட்டர் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும், புரொப்பல்லர் சுற்றிக்கொண்டே இருக்கும். ரேடியேட்டர் தண்ணீர் முழுதும் கசிந்து போனாலும் இது சட்டென்று இறுகிவிடுவதில்லை. உறை அலுமினியம், ரோட்டர் இரும்பு. சூடு ஏறும்போது அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரியும். ஆக இடைவெளி குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது. எஞ்சின் பாழாகிக்கொண்டே ஓடும். அது பாழாவதற்குள் விமானம் கரையைத் தொட்டுவிடலாம். உயிருக்கு ஈடாகத் தன்னைக் கொடுக்கும் எஞ்சின் என்று நான் இதைச் சொல்வேன், மிகையாகச் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை.

ஏபெக்ஸ் சீல் என்றேனே, அதைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். 13பியின் பிற்கால மாதிரிகளில் அதன் தடிமன் 2 மில்லிமீட்டர், நீளம் 80. பின்னால் ஒரு மெல்லிய வளைந்த ஸ்பிரிங். இவ்வளவுதான். இந்தச் சிறு பட்டைதான் எரியும் அறையையும் இழுக்கும் அறையையும் பிரித்து வைக்கிறது. இது சுவரில் வழுக்கிக்கொண்டு போகும்போது அதிர ஆரம்பித்தால் சுவரில் அலையலையாய்ப் பள்ளம் விழும். மாஸ்டாவின் பொறியாளர்கள் அதைப் பிசாசின் நகக்கீறல் என்று அழைத்தார்கள். கெனிச்சி யமமோட்டோவும் அவருடைய குழுவும் 1960களில் ராப்பகலாய்ப் போராடியது அந்தக் கீறலோடுதான். கார்பனில் அலுமினியத்தைச் செலுத்திச் செய்த சீலைக் கொண்டு அதை வென்றபின்தான் 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் கார் வெளியே வந்தது. 1991இல் நான்கு ரோட்டர் வைத்த மாஸ்டா 787பி, லெமான் பந்தயத்தில் 24 மணி நேரம் ஓடி வென்றது. விமானம் கட்டுகிறவர்கள் அந்த வெற்றியைக் கவனித்ததில் வியப்பில்லை. கார் எஞ்சின் சாலையில் பாதி நேரம் சோம்பிக் கிடக்கும். விமான எஞ்சினுக்கோ புறப்பட்டதிலிருந்து இறங்கும்வரை பாரம் குறையாது. பாரத்தை நாள் முழுக்கத் தாங்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எங்கே கிடைக்கும்?

சீல் உரசும் அந்தச் சுவரோடு நம் நாட்டிலும் மல்லுக்கு நின்றவர்கள் உண்டு. டி.ஆர்.டி.ஓ.வின் நிஷாந்த் ஆளில்லா விமானத்தில் முதலில் வெளிநாட்டு வாங்கெல் எஞ்சின்தான் இருந்தது. அதற்குப் பதிலாக 55 குதிரைத்திறனில், ஒற்றை ரோட்டரில், சுமார் 30 கிலோ எடையில் ஓர் எஞ்சினை இங்கேயே செய்தார்கள். அகமத்நகரின் வி.ஆர்.டி.இ., பெங்களூரின் ஏ.டி.இ., என்.ஏ.எல். ஆகிய மூன்று நிறுவனங்களின் கூட்டு வேலை அது. எஞ்சினின் மையப்பகுதி என்.ஏ.எல்.லின் பொறுப்பு. அலுமினிய உறையின் உட்சுவருக்கு அவர்கள் கொடுத்த நிக்கல், சிலிக்கான் கார்பைடு கலந்த பூச்சுதான் என்னைப் பொறுத்தவரை அந்த எஞ்சினின் நகை. மென்மையான உலோகத்தின் மேல் கல்லின் கடினம். 2009 மார்ச் 29 அன்று கோலாரில் அந்த எஞ்சினோடு நிஷாந்த் எழும்பியது. 1.8 கிலோமீட்டர் உயரம் ஏறி, 35 நிமிடம் சீராகப் பறந்து, வறண்ட ஏரி ஒன்றில் பத்திரமாக இறங்கியது. நிஷாந்த் திட்டம் பிறகு நின்றுபோனாலும், 30 கிலோவில் 55 குதிரையைக் கட்டிக் காட்டிய அந்தக் கைவேலையின் மதிப்பு குறையவில்லை. ஒருவர் அமரும் இலகு விமானத்துக்கு அதுவே ஏறக்குறைய போதும்.

இனி இந்த எஞ்சின் கேட்கும் விலை. முதலாவது சூடு. எரிதல் எப்போதும் உறையின் ஒரே பக்கத்தில் நடக்கிறது, குளிர்ந்த காற்று எப்போதும் எதிர்ப்பக்கத்தில் நுழைகிறது. ஒரே சுவரின் ஒரு பாதி கொதிக்க மறு பாதி குளிர்ந்து கிடக்கும். குளிர்விக்க வேண்டிய சூட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்கை எண்ணெய் சுமக்கிறது, அதனால் தண்ணீர் ரேடியேட்டரோடு பெரிய ஆயில் கூலரும் வேண்டும். இரண்டுக்கும் விமானத்தின் மூக்கில் இடம் தேட வேண்டும், காற்று உள்ளே போகவும் வெளியே வரவும் வழி செய்ய வேண்டும். எஞ்சின் இலகு என்று மகிழ்ந்தவர் இவற்றைப் பூட்டி முடித்துத் தராசில் வைத்தால், லைக்கமிங் போன்ற பழைய விமான எஞ்சினின் எடைக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். அமெரிக்காவில் ஆர்.வி. வகைக் கிட் விமானங்களில் 13பியைப் பூட்டியவர்கள் வருடக்கணக்கில் உழைத்தது எஞ்சினோடு இல்லை, இந்தக் காற்று வழிகளோடுதான். போர்ட் பிளேயரின் புழுக்கத்தில் ஓடுபாதையில் காத்திருக்கும் விமானத்தை நினைத்தால், ரேடியேட்டரை ஓர் அளவு பெரிதாகவே நான் வைப்பேன்.

அடுத்தது புகைபோக்கி. வால்வு இல்லாததால் வாயு ஒரே அடியாக வெளியே பாய்கிறது. சத்தம் காதைக் கிழிக்கும். சாதாரண இரும்புத் தகட்டில் செய்த சைலன்சர் அந்தச் சூட்டில் சில மணி நேரத்திலேயே உதிர்ந்துவிடும். இன்கனெல் போன்ற உலோகத்துக்குக் காசு செலவழிக்கத் தயங்குகிறவர் இந்த எஞ்சின் பக்கமே வரக்கூடாது. கியர்பெட்டியும் தேவை. புரொப்பல்லரின் நுனி ஒலியின் வேகத்தை எட்டக்கூடாது என்பதால் 2.17 அல்லது 2.85க்கு ஒன்று என்று சுற்றைக் குறைக்கிறார்கள். மாற்று எஞ்சின் பூட்டிய வீட்டு விமானங்கள் வழியில் அவசரமாகத் தரையிறங்க நேர்ந்தால், பெரும்பாலும் காரணம் எஞ்சினுக்கு வெளியேதான் இருக்கும்: எரிபொருள் குழாய், மின்சாரம், கியர்பெட்டி, ரேடியேட்டர். எஞ்சின் எவ்வளவு உறுதியோ, அதைச் சுற்றிய வேலையும் அவ்வளவு உறுதியாக இருக்க வேண்டும்.

பெட்ரோலும் சற்று அதிகம் குடிக்கும். எரியும் அறை நீண்டு மெலிந்து, நகர்ந்துகொண்டே இருப்பதால் கடைக்கோடியில் உள்ள கலவைக்குத் தீ எட்டுவதில்லை. ஆனால் எரிய வால்வு இல்லை, தட்டுதல் என்ற நோயும் இதற்கு அரிது. அதனால் சமமட்டப் பயணத்தில் கலவையை நன்றாக மெலித்து ஓட்டலாம், குடியும் குறையும். பங்க் பெட்ரோலே போதும் என்பது தீவுக்காரருக்குப் பெரிய வரம். விமானத்துக்கான ஏவ்கேஸ் இந்தியாவுக்கு இறக்குமதியாகவே வந்துகொண்டிருந்தது. இந்தியன் ஆயில் தன் குஜராத் சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்து வெளியிட்டது 2022இல்தான். அதில் கலந்த ஈயம் வாங்கெலின் ஸ்பார்க் பிளக்கில் படிந்து தொல்லை தரும். பெட்ரோலில் கலக்கும் எத்தனாலோ ஈரத்தை இழுக்கும், ரப்பர் குழாயையும் ரெசின் பூசிய தொட்டியையும் பதம் பார்க்கும். எத்தனால் கலப்பை 2019 ஏப்ரலில் நாடு முழுக்க விரித்தபோது அந்தமான் நிக்கோபாரையும் லட்சத்தீவையும் விட்டுவிட்டார்கள். அந்த விலக்கு வேறு காரணங்களுக்காக வந்திருக்கலாம், என் மனம் அதையும் இந்த எஞ்சினுக்கு ஆதரவாகவே எழுதிக்கொண்டது.

சொந்தமாக விமானம் கட்டும் ஆசை நம் நாட்டில் பழையது. 1910இல் மதராஸில் ஹோட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ், தன் சொந்த வடிவமைப்பில் சிம்சன் பட்டறையில் விமானம் கட்டிப் பல்லாவரத்தில் பறந்தார். கையில் கிடைத்த சிறு எஞ்சின்தான் அவருக்கும் துணை. மும்பையின் அமோல் யாதவ் மொட்டைமாடியில் கட்டிய விமானம் 2017இல் பதிவு பெறுவதற்குள் அவர் பட்ட பாடு நாடறிந்தது. இந்த வழியில் அடுத்து வருகிறவர் பழைய 13பி ஒன்றை வாங்க நினைத்தால், பேரம் பேசுவதற்கு முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டுத் தண்டைக் கையால் சுற்றிப் பார்க்கட்டும். ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று பக்கம். தண்டின் மூன்று சுற்றில் மூன்று ஊதல் கேட்க வேண்டும், மூன்றும் ஒரே பலத்தில். ஓர் ஊதல் மட்டும் நோஞ்சானாக இருந்தால் அந்தப் பக்கத்துச் சீல் தேய்ந்தோ ஒட்டியோ இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு ஊதல் சோர்ந்தால் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான முனை போயிருக்கிறது. மூன்றுமே சோர்ந்தால் சுவரைச் சந்தேகிக்கலாம், விலையைப் பாதியாக்கிக் கேட்கலாம். உப்புக்காற்றில் ஓடாமல் கிடந்த எஞ்சினாக இருந்தால் பக்கவாட்டு இரும்புத் தகடுகளில் துருக்குழி விழுந்திருக்கும், அதையும் பிரித்துப் பார்க்காமல் காசைக் கொடுக்க வேண்டாம்.