ஆம்பூரும் அல்பேனியாவும்

சென்னையிலிருந்து பெங்களூர் போகிறவர்கள் ஆம்பூரில் வண்டியை நிறுத்துவது பெரும்பாலும் பிரியாணிக்காகத்தான். சீரகச் சம்பா, தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் எல்லாம் முடித்துக் கை கழுவிவிட்டு வெளியே வரும்போது, காற்று கொஞ்சம் திசை மாறினால் ஒரு வாடை வரும். உடனே மூக்கைப் பொத்திக்கொள்வோம். தப்பில்லை. ஆனால் அப்படியே குனிந்து உங்கள் காலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தோல் ஷூ போட்டிருந்தால், அந்த வாடையில் கொஞ்சம் உங்களுக்காகவும் கிளம்பியிருக்கலாம்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிப் போகிற இந்தத் தோல் பூமிக்கு 2026 ஜனவரி 27 அன்று ஒரு நல்ல சேதி வந்தது. இந்தியாவும் 27 நாடுகள் கொண்ட ஐரோப்பிய யூனியனும் தடையில்லா வர்த்தக ஒப்பந்தத்துக்கான பேச்சு முடிந்துவிட்டதாக டெல்லியில் அறிவித்தன. 2007-ல் ஆரம்பித்த பேச்சு. 2013-ல் நின்றுபோய், 2022-ல் மறுபடி தொடங்கி, ஒருவழியாக முடிந்தது. கல்யாணம் பேசி முடிக்கவே பத்தொன்பது வருடம்! தாலி கட்டுவதற்கு முன் சட்டச் சரிபார்ப்பு, மொழிபெயர்ப்பு, கையெழுத்து, ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் சம்மதம் என்று சடங்குகள் வேறு.

செய்தியில் எல்லோரும் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு வரி. தோல் பொருள், காலணிகளுக்கு இருந்த 17 சதவிகிதம் வரையிலான சுங்கவரி பூஜ்யமாகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா போட்ட 50 சதவிகித வரியில் ஆடிப்போயிருந்த ஊர்களுக்கு இது ஆறுதல்தான். அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒப்பந்தம் என்பதும் எழுத்துதான். கதை, கவிதையை மட்டும்தான் விமரிசனம் செய்ய வேண்டுமா என்ன? இதையும் செய்யலாம். எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது, யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று பார்க்கலாம். பக்கத்தில் இன்னொரு ஒப்பந்தத்தை வைத்துப் படித்தால் இன்னும் சுலபம்.

நான் வைத்துப் பார்த்தது அல்பேனியாவை.

ஏன் அல்பேனியா? இத்தாலிக்கு எதிர்க்கரையில் இருக்கிற குட்டி தேசம். 2023 கணக்கெடுப்பின்படி 24 லட்சம் பேர். பிரிவதற்கு முந்தைய நம் வேலூர் மாவட்டத்திலேயே 2011-ல் 39 லட்சம் பேர்! இத்தாலியக் கம்பெனிகள் தோலையும் டிசைனையும் அனுப்ப, அதைத் தைத்துத் திருப்பி அனுப்புவது அங்கே ஒரு முக்கியமான தொழில். ஷூவின் மேல்பாகத்துக்கு ‘அப்பர்’ என்று பெயர். ஆம்பூரில் பஸ் பிடித்து ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்கள் தைப்பதும், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஜோடிக்கு இவ்வளவு என்று கூலிக்குத் தைப்பதும் அதே அப்பர்தான். ஆக, ஒரே வேலையைச் செய்யும் இரண்டு ஊர்கள்.

அந்த அல்பேனியாவுடன் ஐரோப்பிய யூனியன் 2006 ஜூன் 12 அன்று ஓர் ஒப்பந்தம் போட்டது. 2009 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்தது. தன் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற நாடுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அழைத்துக்கொள்வதற்கு ஐரோப்பா இப்படித் தனியாக ஒரு வகை ஒப்பந்தம் வைத்திருக்கிறது. மாசிடோனியா 2001 ஏப்ரலிலும் குரோஷியா அதே ஆண்டு அக்டோபரிலும் கையெழுத்துப் போட்டன. குரோஷியா 2013-ல் யூனியனில் சேர்ந்தேவிட்டது.

இந்த வகை ஒப்பந்தத்தில் வரிக் குறைப்பு ஒரு பகுதி மட்டும்தான். ‘உன் நாட்டுச் சட்டங்களை எங்கள் சட்டங்களுக்குப் பக்கத்தில் கொண்டு வா’ என்பது இரண்டாவது பகுதி. அதற்குக் கெடு உண்டு. அல்பேனியாவுக்கு அதிகபட்சம் பத்து வருடம், இரண்டு கட்டங்களாக. அப்புறம் பணம். சட்டத்தை மாற்றவும், ஆய்வுக்கூடம் வைக்கவும், சாக்கடை நீரைச் சுத்தம் செய்யவும் ஐரோப்பாவின் உதவி நிதி உண்டு. 2007 முதல் அதற்கென்றே தனிக் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

அல்பேனியா சொர்க்கமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. 2009-ல் உறுப்பினராக விண்ணப்பித்த நாட்டுக்கு 2022-ல்தான் சேர்க்கைப் பேச்சே தொடங்கியது. துருக்கி கதை இன்னும் பரிதாபம். 1963-ல் முதல் ஒப்பந்தம், 1995 டிசம்பர் 31 முதல் சுங்க ஒன்றியம். இன்றுவரை வாசலில்தான் நிற்கிறது. உள்ளே பேசி முடிக்கிற வரியை அனுசரிக்க வேண்டும், பேசுகிற மேஜையில் நாற்காலி கிடையாது. ஆக, இந்த ஒப்பந்தங்கள் தர்மகாரியம் அல்ல. இருந்தாலும், ‘நான் கேட்கிற மாதிரி மாறு’ என்று சொல்கிறவன் எத்தனை நாளில், யார் செலவில் என்பதையும் எழுதிக் கொடுக்கிறான்.

இப்போது ஆம்பூருக்குத் திரும்பலாம். ஐரோப்பா கேட்டபடி ஆம்பூர் எப்போதிலிருந்து மாறிக்கொண்டிருக்கிறது தெரியுமா?

1989-ல் ஜெர்மனி பிசிபி என்கிற பென்டாகுளோரோபீனாலைத் தடை செய்தது. தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போடுகிற மருந்து. அன்றைக்கு ஜெர்மனி நம் தோலுக்குப் பெரிய வாடிக்கையாளர். இங்கே டேனரிகள் மாற்று மருந்துக்கு ஓடின. அடையாறில் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் கைகொடுத்தது. 1994-ல் ஜெர்மனி சில அசோ சாயங்களைத் தடை செய்தது, புற்றுநோய் அபாயம். இந்தியாவும் 1997-ல் அந்த வகைச் சாயங்களைத் தடை செய்தது. அடுத்து குரோமியம். முன்பு ஆவாரம்பட்டையில் பதனிட்ட பூமி இது. பின்னால் குரோம் உப்புக்கு மாறியது. அந்தக் குரோமியம் தோலுக்குள்ளேயே ‘ஆறு’ என்கிற விஷ வடிவத்துக்கு மாறிவிட்டால் தோல் நோய் வரும். ஆகவே ஒரு கிலோ தோலில் 3 மில்லிகிராமைத் தொடக்கூடாது என்று 2015 மே 1 முதல் ஐரோப்பா முழுக்கச் சட்டம். ஆம்பூர் அதற்கும் தன்னைச் சரிசெய்துகொண்டது.

மூன்று முறையும் ஒப்பந்தம் இல்லை. பத்து வருடக் கெடு இல்லை. உதவி நிதிக் கணக்கு இல்லை. சரக்கு பாஸா, ஃபெயிலா? அவ்வளவுதான். அல்பேனியா கையெழுத்துப் போட்டுவிட்டுச் செய்கிற காரியத்தை ஆம்பூர் கையெழுத்தே இல்லாமல் 35 வருடமாகச் செய்துகொண்டிருக்கிறது.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். இந்த மூன்று சட்டமும் சோதித்தது ஷூவை. பெர்லினில் அதைப் போட்டுக்கொள்கிறவருடைய பாதத்துக்கு அரிக்கக்கூடாது, நியாயமான கவலை. ஆனால் அந்த ஷூ புறப்பட்ட ஆற்றங்கரையில் என்ன ஆயிற்று என்பது சோதனைக் குழாயில் வராது.

அதை நம் கோர்ட்தான் பார்க்க வேண்டியிருந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. ஒரு கிலோ தோல் பதனிடச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் என்றும், டேனரிப் பகுதிகளில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுசாகவோ பயிருக்கு லாயக்கில்லாமல் போய்விட்டது என்றும் அந்தத் தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது. ‘கெடுத்தவரே கொடுக்க வேண்டும்’ என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் அழுத்தமாகக் கால் ஊன்றியது இந்தத் தீர்ப்பில்தான்.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது என்று பிற்பாடு விதி வந்தது. ஆனால் தண்ணீரைப் பிரித்தால் உப்பு மிஞ்சும், சகதி மிஞ்சும். 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டையில் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் சகதித் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள்மேல் பாய்ந்தது. பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அதே ராணிப்பேட்டையில், 1995-ல் மூடிய குரோமேட் ஃபாக்டரி விட்டுப்போன குரோமியக் கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கும் மேல். 2025 ஜனவரி 30-ல் சுப்ரீம் கோர்ட் மறுபடி ஒரு தீர்ப்பு சொல்லி, பாலாற்றைக் கண்காணிக்க ஓய்வுபெற்ற ஹைகோர்ட் நீதிபதி தலைமையில் குழு போடச் சொன்னது. 1996-ல் ஆரம்பித்த பாடத்தை 2025-லும் நடத்த வேண்டியிருக்கிறது.

அல்பேனியா ஐரோப்பாவுக்குள் போக வேண்டுமானால் ஷூ மட்டும் சுத்தமாக இருந்தால் போதாது. ஆறும் சுத்தமாக இருக்க வேண்டும். ஏற்றுக்கொள்ள வேண்டிய சட்டங்களில் தண்ணீர்ச் சட்டமும் அடக்கம். நமக்கு இதுவரை அந்த நிர்ப்பந்தம் வெளியிலிருந்து வந்ததெல்லாம் சரக்கு வாங்குகிற கம்பெனிகளின் தணிக்கை வழியாகத்தான். அவர்கள் ஆர்டரை வேறு நாட்டுக்கு மாற்றினால் தணிக்கையும் கூடவே போய்விடும்.

‘சுற்றுச்சூழல் என்று சொல்லிக்கொண்டு மறைமுகமாக நம் சரக்கைத் தடுக்கப் பார்ப்பார்கள், ஜாக்கிரதை’ என்று டெல்லியில் சொல்வதுண்டு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஸ்விட்சர்லாந்து, நார்வே உள்ளிட்ட நான்கு நாடுகளுடன் 2024 மார்ச் 10-ல் போட்டு 2025 அக்டோபர் 1-ல் அமலுக்கு வந்த ஒப்பந்தத்தில் சுற்றுச்சூழல், தொழிலாளர் பற்றிய அத்தியாயம் உண்டு. ஆனால் அதை மீறினால் தகராறு தீர்க்கும் மன்றத்துக்குப் போக முடியாது. தண்டனை வேண்டாம் என்பது நம் கட்சி. சரி, வேண்டாம். தண்டனை இல்லாத இடத்தில் கெடுவையும் பணத்தையும் கேட்டு வாங்கியிருக்கலாமே? அல்பேனியாவுக்குக் கொடுத்ததைத்தானே கேட்கிறோம்?

கடைசியாக அந்த 17 சதவிகிதம். கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். அது உச்சவரம்பு, ரப்பர், பிளாஸ்டிக், துணி ஷூக்களுக்கான விகிதம். தோல் ஷூவுக்கு ஐரோப்பாவின் பொதுவான வரி பெரும்பாலும் 8 சதவிகிதம். அப்பருக்கு 3. இருபது யூரோவுக்கு வாங்குகிற ஒரு ஜோடித் தோல் ஷூவுக்கு 8 என்றால் 1 யூரோ 60 சென்ட். வரியைக் கட்டுவது அங்கே இறக்குமதி செய்கிறவர். வரி போனால் மிச்சமாகும் அந்த 1 யூரோ 60 சென்ட் யாருக்கு? அவர் பையிலேயே தங்குமா, ‘இன்னும் விலையைக் குறை’ என்ற பேரமாகத் திரும்பி வருமா, ஆம்பூரில் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் திண்ணையில் தைக்கிற அம்மாவின் கூலிக்கும் கொஞ்சமாவது வந்து சேருமா? ஒப்பந்தம் இதைத் தீர்மானிக்காது. தீர்மானிக்க வேண்டியவர்கள் நம் முதலாளிகளும் நம் அரசும். கேட்க வேண்டியவர்கள் நாம்.

ஆகவே, அந்த ஒப்பந்தத்தைப் பற்றி யாராவது உங்களிடம் பெருமையாகப் பேசினால் சந்தோஷமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆர்டர் கூடினால் வேலை கூடும், நல்ல விஷயம். ஆர்டர் கூடினால் தண்ணீரும் உப்பும் சகதியும்கூடக் கூடும். அதற்கு யார் பொறுப்பு என்பது எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

அடுத்த முறை ஆம்பூரில் இறங்கும்போது, பிரியாணி இலைக்கு வருவதற்குள் பத்து நிமிஷம் கிடைக்கும். பாலாற்றை ஓர் எட்டு பார்த்துவிட்டு வாருங்கள்.