வெள்ளையிலும் இரண்டு வெள்ளை

கார்ன் ஸ்நேக் வளர்ப்பவர்களிடம் 'ஸ்னோ' எது, 'பிளிசார்ட்' எது என்று கேட்டுப் பாருங்கள். புதியவர் முதுகைப் பார்ப்பார். பழகியவர் தொண்டையைப் பார்ப்பார். இரண்டும் வெள்ளைப் பாம்புகள்தான், இரண்டுக்கும் கண் சிவப்பு. ஆனால் அந்த வெள்ளை வந்த வழி வேறு வேறு. ருசியே அதில்தான் இருக்கிறது.

கார்ன் ஸ்நேக், அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் வாழும் நஞ்சில்லாத பாம்பு. காட்டில் ஆரஞ்சு உடம்பு, முதுகில் கருங்கரையிட்ட செந்திட்டுகள், வயிற்றில் சதுரங்கப் பலகை போலக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். கறுப்பு நிறமி இல்லாமல் போனால் 'அமெல்': கரை வெளுத்து, சிவப்பும் ஆரஞ்சும் மட்டும் மிஞ்சும். ஓசிஏ2 மரபணுவில் செருகிக்கொண்ட ஒரு டிஎன்ஏ துண்டுதான் இதற்குக் காரணம் என்று ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் காட்டினார்கள். சிவப்பு போனவற்றில் 'அனெரி', 'சார்கோல்' என்று இரண்டு. அனெரி தென்மேற்கு ஃபுளோரிடாவில் காட்டிலேயே தென்படும். சார்கோல், அதே கரையோரத்துப் பைன் தீவில் பிடிபட்ட பாம்பின் வழி வந்தது. ஒரே பாம்பில் அமெலோடு அனெரி சேர்ந்தால் ஸ்னோ, சார்கோல் சேர்ந்தால் பிளிசார்ட்.

இனி தொண்டைக்கு வருவோம். அனெரி வளர வளர, தாடைக்குக் கீழும் கழுத்தின் இரு பக்கமும் மஞ்சள் ஏறும். இரையிலிருந்து சேரும் கரோட்டினாய்டுதான் அது என்பது வளர்ப்பவர்கள் கணிப்பு. சார்கோலில் மஞ்சள் வராது; வந்தாலும் பெயருக்குத்தான். ஸ்னோவிலும் அந்த மஞ்சள் அப்படியே படரும், திட்டுகளில் இளஞ்சிவப்போ லேசான பச்சையோ ஓடும். பிளிசார்டில் திட்டுகளையே தேட வேண்டும். சட்டை உரித்த கையோடு, ஜன்னல் வெளிச்சத்தில் பாம்பைச் சற்றே சாய்த்துப் பிடித்தால் அவற்றின் ஓரம் மட்டும் புலப்படும். குஞ்சுகளிடம் இந்தச் சோதனை பலிக்காது, மஞ்சள் ஏற மாதக்கணக்கில் ஆகும். மஞ்சள் பல்பின் கீழ் எடுத்த படத்தை நம்பி வாங்குவது அதைவிட மோசம்.

கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் இணை சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இங்கேதான் வேடிக்கை. ஸ்னோவையும் பிளிசார்டையும் சேர்த்தால், வேறு மரபணு எதுவும் மறைந்திருக்காத பட்சத்தில், ஒரு குஞ்சுகூட வெள்ளையாகப் பொரியாது. அத்தனையும் ஆரஞ்சு அமெல்! அனெரியும் சார்கோலும் தனித்தனி மரபணுக்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே வகை வந்தால்தான் வெளியே தெரியும். அமெல் மட்டும் இரு பக்கமும் பொதுவாக இருப்பதால் அது தலைகாட்டுகிறது.

அப்பழுக்கில்லாத வெள்ளை என்று பிளிசார்டைக் கொண்டாடுபவர்கள் உண்டு. என் ஓட்டு ஸ்னோவுக்கே. குஞ்சில் பார்த்த நிறம் வயதேற மாறிக்கொண்டே போகும், பார்த்துச் சலிக்காது. குஞ்சாக வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்ப்பதற்கு முன், தாய் தந்தை என்ன வகை என்று விசாரித்துவிடுங்கள்.