குதிரைக்காலின் சாம்பல் நிறச் சித்திரம்

குதிரையின் முன்னங்காலில், முழங்காலுக்குக் கீழே, தசை என்று சொல்லத்தக்கது கிட்டத்தட்ட எதுவும் இல்லை. தோலை அடுத்து நாண்கள், நார்கள், எலும்பு, அவ்வளவுதான். சுமார் 500 கிலோ எடையுள்ள உடல் பாய்ந்து ஓடும்போது, ஒவ்வொரு பாய்ச்சலிலும் ஒரு கணம் பாரம் முழுவதும் ஒற்றைக் காலில் இறங்குகிறது. குளம்புக்கு மேலுள்ள ஃபெட்லாக் மூட்டு தரையைத் தொட்டுவிடும்போல் தாழ்கிறது. அதைத் தூளிபோல ஏந்தி மேலே தூக்குவதில் பெரும்பங்கு சஸ்பென்சரி தசைநாருக்கு. முன்னோர் குதிரைகளில் தசையாக இருந்து, பரிணாமத்தில் நாராக இறுகிப்போன உறுப்பு அது. பழைய தசை இழைகள் கொஞ்சம் இன்றும் அதற்குள் மிச்சம் இருக்கின்றன. கால் எலும்பின் பின்புறம் உச்சியில் தொடங்கி, கீழே இரு கிளைகளாகப் பிரிந்து, மூட்டின் பின்னாலுள்ள இரண்டு சிற்றெலும்புகளைப் பற்றிக்கொள்கிறது.

இந்த நார் கிழிந்தால் எக்ஸ்ரேயில் தெரியாது. நார் பிடுங்கிக்கொண்டு வந்த எலும்புச் சில்லு தெரியலாம், நார் தெரியாது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் நார்மன் ரான்டனென் போன்றோர் அல்ட்ராசவுண்டைக் குதிரைக்காலுக்குக் கொண்டுவந்த பிறகுதான், அதுவரை விரலால் தடவிப் பார்த்து ஊகித்த காயம் கண்ணுக்குப் புலப்பட்டது.

ஸ்கேனுக்கு முந்தைய ஆயத்தமே ஒரு நுட்பம். காலின் பின்புறத்து ரோமத்தை மழிக்க வேண்டும். ஒரு ரோமம் பிடித்துவைத்த காற்றுகூட ஒலியைத் திருப்பிவிடும். கழுவி, ஸ்பிரிட் தடவி, ஜெல் பூசிய பின், ஒலியை அனுப்பித் திரும்ப வாங்கும் புரோபை வைத்தால், திரையில் காலின் குறுக்குவெட்டு அடுக்கடுக்காக விரிகிறது: முதலில் மேலோட்டத் தசைநாண், அடுத்து ஆழ்ந்த தசைநாண், அதை எலும்போடு சேர்க்கும் துணைநார், அதற்கும் உள்ளே சஸ்பென்சரி, கடைசியில் வெள்ளைக் கோடாக எலும்பு. தேர்ந்த கை அவசரப்படாது. முழங்காலின் பின் எலும்பிலிருந்து இத்தனை சென்டிமீட்டர் கீழே என்று அளந்து அளந்து இறங்கும். ஒவ்வோர் இடத்திலும் நாரின் பரப்பைக் குறித்து, மறுகாலில் அதே இடத்தோடு ஒப்பிடும்.

குறுக்குவெட்டில் காயம் கருப்புத் திட்டாகத் தெரியும். நெடுக்குவெட்டில் பார்த்தால், வாரிய கூந்தல்போல் இணையாக ஓடும் வெள்ளை இழைகள் அந்த இடத்தில் அறுந்து கலைந்திருக்கும்.

ஆனால் கருப்பெல்லாம் காயமல்ல. இக்கலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இணையான இழைகள், ஒலி செங்குத்தாக விழும்போது மட்டுமே அதைப் புரோபுக்குத் திருப்பி அனுப்பும். கை சற்றே சாய்ந்தால் போதும், நல்ல நாரும் கருத்துவிடும். பழகாதவர் அங்கே இல்லாத கிழிசலைக் காண்பார். பழகியவர் புரோபை மெல்ல ஆட்டிப் பார்ப்பார்: சாய்வு மாறியதும் மறையும் கருமை பொய், எப்படித் திருப்பினாலும் நீங்காத கருமை காயம்.

அதைவிட அழகானது, அந்தப் பொய்யையே கருவியாக்கிக்கொண்ட விதம். சஸ்பென்சரியின் தொடக்கப் பகுதியில் மிச்சத் தசையும் கொழுப்பும் திட்டுத் திட்டாகக் கலந்திருப்பதால், நலமான குதிரையிலும் படம் சீராக இராது. அங்கே காலை மடக்கித் தூக்கிப் பிடித்து, நாண்களைத் தளர்த்தி, ஒலியை வேண்டுமென்றே சாய்த்து அனுப்புகிறார்கள். நார் இழைகள் கருத்துப்போக, கொழுப்பு வெளிச்சமாகவே நிற்கும். எது நார், எது இடைச்செருகல் என்பது அப்போது பிரிகிறது. கால் தூக்கியிருக்கையில், இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் முறையில் பார்த்தால், காயத்துக்குள் புதிதாக ஓடும் இரத்தமும் தெரியும். ஊன்றிய காலில் பாரம் அந்த நுண்குழாய்களை நசுக்கிவிடும்.

குளம்புக்குள் ஒலி நுழையாது. அங்குள்ள மூட்டின் பக்க நார்களுக்கு எம்.ஆர்.ஐ. வேண்டும். லேசான மயக்கமருந்தோடு நின்றபடியே குதிரையைப் படமெடுக்கும் 0.27 டெஸ்லா காந்தங்கள் வந்த பின் முழு மயக்கத்தின் ஆபத்து தவிர்ந்தது. அங்கும் கோணம் விடுவதில்லை. காந்தப் புலத்துக்குச் சுமார் 55 பாகையில் நார் அமைந்துவிட்டால், காயமில்லாமலேயே அது ஒளிரும். குதிரை ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றாலே ஒரு நார் மட்டும் காயம்பட்டதுபோலத் தோன்றும்.

காயம் ஆறுவதைக் கணிக்க, சில மாத இடைவெளியில் ஸ்கேனைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். கடுமையான காயம் ஆற 9 முதல் 12 மாதம் ஆகலாம். நொண்டல் அதற்கு வெகு முன்பே நின்றுவிடும். குறுக்குவெட்டில் கருங்குழி நிரம்புவதும் முன்னதாகவே நடக்கும். நிரம்பியது தழும்புத் திசு. அதன் இழைகள் பழையபடி நெடுக அணிவகுப்பது பின்னால்தான், சில நார்களில் முழுமையாக நடப்பதே இல்லை. ஆகவே குதிரையை ஓட்டத்துக்கு அனுப்புமுன் நிதானமாகப் பார்க்கவேண்டியது நெடுக்குவெட்டில் அந்த இழைகளின் வரிசையை.