காலடியில் ஒலிக்கும் கருவி

தோலைக் கையால் அறைந்தால் முழவு. மூங்கிலில் காற்றைச் செலுத்தினால் குழல். ஆடுவோரின் காலே கோலாக, அவர் நிற்கும் தளமே கருவியாக அமையுமாயின் அதனை எவ்வாறு மதிப்பிடுவது? ஒலி எழுப்புகின்றது என்ற அளவிலேயே ஒன்று நல்ல இசைக்கருவி ஆகிவிடுமா? உருசிய அறிவியலார் ஒருவர் அமைத்த மின்மேடையும், மெக்சிகோ நாட்டுச் சிற்றூர்களில் வழங்கும் மரமேடையும் இவ்வினாவுக்கு இருவேறு விடைகளைத் தருகின்றன.

தொடாமலே இசைக்கும் மின்கருவியைக் கண்டு புகழ்பெற்றவர் லெவ் தெரமின் (1896–1993). அவர் 1932ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் கார்னகி மன்றத்தில் 'தெர்ப்சிட்டோன்' என்னும் ஆடுமேடையை அறிமுகம் செய்தார். தளத்தின் அடியில் உலோகத் தகடு இருந்தது. மேலே நிற்பவரின் உடல் அசையுந்தோறும் மின்நிலை மாறிச் சுருதியும் மாறியது. எனவே இது தாளக் கருவி அன்று. ஆடலால் பண்ணை எழுப்ப முயன்ற கருவி. ஆடற்பயிற்சி மட்டும் உடையார்க்கு அது எளிதில் வசப்படவில்லை. வயலின் பயின்று செவி தேர்ந்த கிளாரா ராக்மோர் அம்மையாரே அன்று அதில் இசைத்தார்.

இங்கே ஒரு குறை வெளிப்படுகின்றது. கலைஞர் கையை நீட்டினாலும் ஒலி. தலையைச் சாய்த்தாலும் ஒலி. கருத்தைப் புலப்படுத்த எழும் மெய்ப்பாடும் சுருதியைப் பிறழச் செய்யும். ஆகவே சுரத்துக்கு அஞ்சி உடல் அடங்க, இசை பிறந்தபோதே ஆடல் தேய்ந்தது.

மெக்சிகோவின் வேராகுரூஸ் பகுதியில் 'சோன் ஹரோச்சோ' என்னும் நாட்டுப்புற இசை வழங்குகின்றது. உலகறிந்த 'லா பம்பா' பாடல் இம்மரபினதே. ஊரார் கூடும் ஃபண்டாங்கோ விழாவில் 'ஹரானா' என்னும் நரம்புக் கருவியை மீட்டுவோர் சூழ்ந்து நிற்க, நடுவே 'தரீமா' என்னும் உள்ளீடற்ற மரமேடை இடம்பெறும். அதன்மேல் ஏறி ஆடுவோரின் குதியும் நுனிக்காலும் பலகையில் மோதும் ஓசையே விழாவின் தாளம். பாடுவோர் அடியெடுத்துப் பாடும்போது ஆடுவோர் காலை மென்மையாக வைப்பர். பாட்டு ஓய்ந்து நரம்பிசை தனித்து ஒலிக்கையில் வலிந்து மிதிப்பர். சற்று ஆடியபின் மேடையைப் பிறர்க்கு விட்டு இறங்குவர்.

சிலப்பதிகார அரங்கேற்று காதை தண்ணுமை ஆசிரியனுக்கு வகுக்கும் இலக்கணம் ஈண்டு நினைக்கத்தக்கது. பிற கருவிகளின் குறையை நிரப்பவும் மிகையை அடக்கவும் அவன் வல்லவனாதல் வேண்டும். தமிழறியாத வேராகுரூஸ் மக்களின் காலடி அவ்விலக்கணத்துக்கு இலக்கியமாக நிற்கின்றது. தரீமா அடக்கத்துக்கு இடந்தருகின்றது; தெர்ப்சிட்டோன் அதற்கு இடந்தரவில்லை.

தெரமினின் அறிவாற்றலைக் குறைத்து மதிப்பிடுதல் முறையன்று. உடலின் அசைவையே இசையாக்கலாம் என்று காட்டியது அருஞ்செயலே. ஆயினும் அறிவியல் விந்தை வேறு; கலைக்கருவி வேறு. பரதம் பயில்வோரும் தட்டடவில் காலை ஓங்கி மிதித்து, அபிநயத்தில் சலங்கையை அடக்கக் கற்கின்றனர். ஆடுவோர்க்கென இனி ஒரு கருவியைப் படைப்போர், அது எவ்வளவு ஒலிக்கும் என்பதோடு, கலைஞர் விரும்பும்போது ஓய்ந்திருக்குமா என்பதனையும் கேட்டல் வேண்டும்.