தாக்கந் தணிக்கும் கருவிப் பெயர்கள்: ஆங்கிலமும் போர்த்துக்கீசியமும்

உந்துவண்டியின் சக்கரத்தருகே பொருத்தப்பெறும் ஒரு கருவியை ஆங்கிலத்தார் 'ஷாக் அப்சார்பர்' என்பர். போர்த்துக்கீசியர் 'அமொர்த்தெசெதோர்' என்பர். இவ்விரண்டும் ஒன்றற்கொன்று நேர்ச்சொல்லாகவே கொள்ளப்படுகின்றன. கருவியளவில் அது பொருந்தும். சொல் உணர்த்தும் கருத்தளவில் பொருந்தாது என்பதே யாம் ஈண்டுக் காட்ட விழைவது.

'அப்சார்ப்' என்பது உறிஞ்சுதல், விழுங்குதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையினின்று வந்தது. எனவே அதிர்ச்சியைக் கருவி உட்கொண்டு தன்னகத்தே வைத்துக்கொள்ளும் எனக் கேட்பார் எண்ணுவர். உண்மை அதுவன்று. மேடுபள்ளத்தின் தாக்கத்தை ஏற்பது சுருள்வில். ஏற்ற ஆற்றலை அது திருப்பித் தந்துவிடும்; ஆதலின் வண்டி துள்ளிக்கொண்டே செல்லும். அத்துள்ளலை அடக்குவதே இக்கருவியின் தொழில். உருளைக்குள் இயங்கும் பிஸ்டன் எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே நெருக்கிச் செலுத்த, எண்ணெயின் தடையால் இயக்க ஆற்றல் வெப்பமாகி வெளியேறுகின்றது. உறிஞ்சி என்னும் பெயர் ஒன்றற்கு உரியதாயின் அது வில்லுக்கே உரியது.

போர்த்துக்கீசியச் சொல்லின் நடுவில் நிற்பது சாவு எனப் பொருள்படும் 'மோர்த்தெ'. 'அமொர்த்தெசெர்' என்னும் வினை உயிர்ப்பு அடங்கச் செய்தல், வலி குன்றச் செய்தல் எனப் பொருள்படும். அதனினின்று பிறந்த கருவிப்பெயர் செய்தொழிலை நேரே சுட்டுகின்றது. அன்றியும், அலைவு படிப்படியே தேய்தலை இயற்பியலார் 'அமொர்த்தெசிமெந்த்து' என இதே வேராற் குறிப்பர். ஆகவே அம்மொழி மாணாக்கன் பட்டறையிற் கண்ட கருவியையும் நூலிற் கற்ற கொள்கையையும் ஒருசொற் குடும்பத்துள் காண்கின்றான். ஆங்கில மாணாக்கனுக்கு அவ்வாய்ப்பு 'டாம்பர்' என்னும் மற்றொரு பெயராலேயே கிட்டும். அச்சொல்லும் ஆவி, புகை என்னும் பொருளில் தொடங்கி, நெருப்பை மூச்சடைத்து அவித்தல் என்னும் பொருளை எய்தியது. கடனை அடைத்தலைக் குறிக்கும் ஆங்கிலக் கணக்கியற் சொல்லும் போர்த்துக்கீசியச் சொல்லுக்கு உறவே. கடனைக் கொன்றார் போலும்!

வண்டியின் முகப்பில் நிற்கும் தடுப்பின் பெயரும் வேறுபாடுடையது. ஆங்கிலத்தில் அது 'பம்பர்', அஃதாவது மோதுவது. போர்த்துக்கீசியத்தில் 'பாராஷோக்கெஸ்', மோதலைத் தடுப்பது.

தமிழில் 'அதிர்ச்சி உறிஞ்சி' என ஆக்கியோர் ஆங்கிலத்தின் பிழையைச் சொல்லுக்குச் சொல் இறக்கினர் என்றே யாம் கருதுகின்றோம். பாடநூல்களில் 'தடையுறு அலைவு' என்னும் நல்ல தொடர் இருந்தும், கருவிப்பெயர் அதனோடு தொடர்பின்றி நிற்கின்றது. 'தணிப்பி' என்பது தக்கது. சினமும் வேட்கையும் தீயும் தணியும் என்பது நம் வழக்கு; அலைவும் தணியும் எனலாம். கருவி சூடேறுகின்றதே, தணிப்பி எனல் முரணன்றோ என வினவுவார் உளராயின், தணிவது அலைவு, சூடேறுவது எண்ணெய் என்க.